பத்தி இறக்குமுன் ஒரு கணக்கு

மாரி ஓய்ந்து, காலபோக அரிவு வெட்டும் முடிந்து, கையில் கொஞ்சம் காசு புழங்கும் காலம் மாசி, பங்குனி மாதங்கள். வீட்டோடு ஒரு பத்தி இறக்கினால் என்ன, பின்பக்கமாக ஓர் அறை எடுத்தால் என்ன என்ற பேச்சு எழுவதும் இந்த நாட்களில்தான். மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். மகன் கலியாணம் முடித்து மருமகளோடு வந்திருக்கிறான். நெல் மூட்டைகளுக்கு நடுவில் ஆச்சி படுத்திருக்கிறா. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆயினும் காரணம் நியாயமாக இருந்தாலும் செலவு தகாததாக இருக்கலாம். அதனை எவ்வாறு கணக்குப் பார்த்துத் தீர்மானிப்பது என்பதே இப்பாடம்.

இதைத் தனியே வாசிப்பதிலும் பார்க்க, வீட்டார் எல்லாரும் கூடியிருந்து, கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு படித்தால் பயன் கூடும். உறவினர் காணியிலோ பிறர் காணியிலோ இடம்பெயர்ந்து இருப்பவர்களுக்கும், சொந்த ஊர் திரும்பித் திட்ட வீட்டில் இருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை இடையிடையே காட்டிச் செல்வோம்.

எத்தனை இரவுக்கு இந்த அறை?

முதலில் செலவைப் பற்றிப் பேசாதீர்கள். அறை எதற்கு, யாருக்கு, வருடத்தில் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். நெல் வைப்பதற்கு என்றால், விற்று முடியும்வரை இரண்டு அல்லது மூன்று மாதம். வெளிநாட்டிலுள்ள தம்பி குடும்பம் வந்தால் தங்குவதற்கு என்றால், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மூன்று கிழமை. வளர்ந்த பெண்பிள்ளை படுப்பதற்கும் படிப்பதற்கும் என்றால், வருடத்தின் 365 நாளும். இந்த மூன்றுக்கும் ஒரே பணத்தைச் செலவழிப்பது சரியாகுமா?

நெல்லுக்கு அறை தேவையில்லை. நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்திய பலகைத் தட்டும், மேலே தகரமும், சுற்றிவர எலி ஏறாத ஏற்பாடும் போதும். விருந்தாளிக்கு விறாந்தையில் பாய் போடலாம், வருகிறவர்கள் நம்மவர்கள்தானே. பெண்பிள்ளைக்கோ, நோயாளிக்கோ, புதிதாக மணம் முடித்தவர்களுக்கோ மறைவும் பூட்டும் உள்ள இடம் உண்மையான தேவை. அதனைக் காசுக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது. ஆனால் அந்தத் தேவையையும் இருக்கிற வீட்டுக்குள்ளேயே தீர்க்க வழியுண்டா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே அத்திவாரம் வெட்டவேண்டும். பெரிய நடு அறையைப் பலகையால் இரண்டாக மறிக்கலாம். முன் விறாந்தையின் ஒரு பக்கத்தை அடைக்கலாம். அங்கே கூரையும் நிலமும் ஏற்கெனவே உண்டு. வீட்டுக்குள் இருக்கும் அடுப்பை வெளியே ஒரு கொட்டிலுக்கு மாற்றினால் பழைய குசினியே ஓர் அறையாகிவிடும். புகையும் வீட்டைவிட்டுப் போகும். குசினிக் கொட்டில் போடும் செலவு, புது அறை எடுக்கும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெண்களையும் பிள்ளைகளையும் பேசவிடுங்கள். ஆண்கள் பெரும்பாலும் முன்பக்கத்தை நீட்ட விரும்புவார்கள். அது தெருவால் போகிறவர்களுக்குத் தெரியும் பக்கம். வீட்டில் உள்ளவர்களுக்கு இடம் போதாமல் இருப்பது அநேகமாகப் பின்பக்கத்தில்.

காணி யாருடையது?

இடம்பெயர்ந்தோருக்கு இதுவே தலையாய கேள்வி. உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா, அக்காவின் சீதனக் காணியா, தெரிந்தவர் இரக்கப்பட்டு விட்ட காணியா? சீமெந்தும் கல்லும் போட்டுக் கட்டியது மண்ணோடு சேர்ந்துவிடும். போகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாது. காணிக்காரர் நல்லவராக இருக்கலாம். அவருடைய பிள்ளைகள் நாளைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து காணியைக் கேட்கலாம், அல்லது விற்கலாம்.

ஆகையால் பிறர் காணியில் எதையாவது கட்டுமுன் ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் இருக்கலாம், எழும்பச் சொன்னால் எத்தனை மாத அவகாசம், கழற்றக்கூடிய தகரம், மரம், கதவு, யன்னல் ஆகியன யாருக்குரியவை என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். இரு பகுதியாரும் கையொப்பமிட்டு, கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்தி, சமாதான நீதவான் ஒருவர் முன் உறுதிப்படுத்தினால் பிற்காலத்தில் மனத்தாங்கல் குறையும். சொந்தக்காரரிடம் கடிதம் கேட்பது மரியாதையில்லை என்று எண்ணவேண்டாம். கடிதம் இல்லாமல் கட்டி, பிறகு முகம் பாராமல் போன சகோதரங்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

சொந்தக் காணியிலும் சிக்கல் இல்லாமலில்லை. தேசவழமைப்படி வாழும் குடும்பங்களில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். மகன் உழைத்து அனுப்பிய காசில் அறை எடுத்து, அந்த வீடு பின் தங்கைக்குப் போகுமானால், அதை அவன் முன்கூட்டியே அறிந்து மனமொத்துக் கொடுக்கவேண்டும். அனுமதிப்பத்திரக் காணியில் இருப்போர், அந்தப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளியாக யார் பதியப்பட்டிருக்கிறார் என்பதைப் பிரதேச செயலகத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். புதிதாகக் கட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் இருக்கப் போகிறோம் என்பது பலருக்கு விடையில்லாத கேள்வி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணினார்கள். நலன்புரி நிலையங்களில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மணமும் முடித்தார்கள். காணிகள் 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகவே விடப்பட்டன. திரும்பிவிடுவோம் என்று ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் கால் நூற்றாண்டு மழையில் நனைந்தார்கள். திரும்பமாட்டோம் என்று கல்வீடு கட்டிய சிலர், காணி விடுபட்டதும் இரண்டாவது தடவை கட்டக் காசில்லாமல் நின்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்பதைக் கணக்கால் பார்ப்போம்.

கல் அறையும் கழற்றும் அறையும்

கீழே வரும் ரூபாக்கள் கணக்குப் பழகுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைக் கேட்டு அந்த இடத்தில் போடுங்கள்.

பழைய வீட்டின் பின்சுவரோடு ஒட்டி, 12 அடி நீளம் 10 அடி அகலத்தில் ஓர் அறை என்று வைப்போம். முதலாவது வகை, சீமெந்துக் கல் சுவர், சீமெந்து நிலம், தகரக் கூரை. செலவு 400,000 ரூபா. இதில் கழற்றி எடுத்தால் தகரம், மரம், கதவு, யன்னல் என்று 100,000 ரூபா பெறுமதி தேறும். இரண்டாவது வகை, மரக்கால் நட்டு, அதே தகரம் போட்டு, அரைச்சுவர் மண்ணாலும் மேலே கிடுகாலும் அடைத்த அறை. செலவு 140,000 ரூபா. கழற்றினால் 80,000 ரூபா தேறும். கல் அறைக்கு வருடப் பராமரிப்பு 5,000 ரூபா என்றும், கிடுகு மாற்றவும் மண் மெழுகவும் மற்றதற்கு 12,000 ரூபா என்றும் கொள்வோம். கறையானாலும் ஈரத்தாலும் மரக்காலை எட்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டி வரும். அதற்கு 60,000 ரூபா.

பிறர் காணியில் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகிறீர்கள். கல் அறையில் இழப்பது 300,000 ரூபாவும் மூன்று வருடப் பராமரிப்பு 15,000 ரூபாவும், மொத்தம் 315,000. வருடத்துக்கு 105,000 ரூபா. கழற்றும் அறையில் இழப்பது 60,000 ரூபாவும் பராமரிப்பு 36,000 ரூபாவும், மொத்தம் 96,000. வருடத்துக்கு 32,000 ரூபா. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை. இதே கணக்கை வருடம் வருடமாக நீட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 17ஆவது வருடத்தில்தான் இரண்டும் சமமாகின்றன. பிறர் காணியில் 17 வருடத்துக்கு மேல் இருப்போம் என்று துணிந்து சொல்லக்கூடியவர் மட்டுமே அங்கே கல் அறை கட்டலாம்.

இனிச் சொந்தக் காணி. கழற்றிக்கொண்டு போகும் பேச்சு இல்லை. 25 வருடம் என்று வைப்போம். கல் அறைக்கு 400,000 ரூபாவும் பராமரிப்பு 125,000 ரூபாவும் சேர்த்து 525,000. வருடத்துக்கு 21,000 ரூபா. கழற்றும் அறைக்கு முதல் 140,000 ரூபா, மூன்று தடவை மரக்கால் மாற்ற 180,000 ரூபா, பராமரிப்பு 300,000 ரூபா, மொத்தம் 620,000. வருடத்துக்கு 24,800 ரூபா. மலிவான அறை என்று நினைத்தது 3,800 ரூபாவால் கூடிவிட்டது. கல் அறையைப் பூட்டவும் முடியும், பாம்பும் பூராது.

ஆகவே காணி நிச்சயமானவர்களுக்குக் கல் அறை தகும். காணியும் காலமும் நிச்சயமில்லாதவர்கள் காசைச் சுவரில் போடாமல் கூரையிலும், நிலையிலும், கதவிலும் போடவேண்டும். நல்ல தகரம், உறுதியான சிலாகை, பூட்டக்கூடிய கதவு, நல்ல யன்னல் ஆகியவற்றை வாங்கி, மண்ணாலும் கிடுகாலும் சுவரை அடையுங்கள். காணி விடுபட்டால் கூரையும் கதவும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிடும். புது வீட்டின் பாதி வேலை அங்கே முடிந்துவிடும். மண்சுவரைக் குறைவாக நினைக்கவேண்டியதில்லை. 1990களில் வடக்குக்குச் சீமெந்து வரத் தடை இருந்தபோது களிமண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டு எத்தனையோ குடும்பங்கள் சமாளித்தன. தாழ்வாரம் நன்றாக வெளியே நீண்டு சாரல் படாமல் பார்த்துக்கொண்டால் மண்சுவர் பல மாரியைத் தாங்கும்.

காசு எங்கிருந்து வருகிறது?

மேலே பார்த்த கணக்கு, காசு கையில் இருந்தால் மட்டும் பொருந்தும். சொந்தக் காணிக்காரர் ஒருவர், கல் அறைக்கும் கழற்றும் அறைக்கும் உள்ள வித்தியாசமான 260,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு எடுக்கிறார் என்று வைப்போம். மாத வட்டி 5,200 ரூபா. வருடத்துக்கு 62,400 ரூபா. வருடம் 3,800 ரூபா மிச்சம் பிடிக்கப் போனவர், முதல் வருடத்திலேயே 62,400 ரூபா கொடுக்கிறார், முதல் அப்படியே நிற்கிறது.

கிணறு திருத்தவோ, நீர் இறைக்கும் மிசின் வாங்கவோ கடன் எடுத்தால், சிறுபோகத்திலே வெங்காயமோ மிளகாயோ வைத்துக் கடனைத் தீர்க்க ஒரு வழி தெரியும். அறை மாதந்தோறும் தவணை கட்டித் தராது. அறைக்குப் பட்ட கடனைத் தோட்டம்தான் கட்டவேண்டும், தோட்டமோ மழையை நம்பியிருக்கிறது. நுண்கடன் வாங்கி மாட்டிக்கொண்ட பெண்களின் நிலை எவ்வளவு கடுமையானது என்றால், 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வாசலுக்கு வரும் கடனை அறை கட்டுவதற்கு எடுக்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறோம். நகையை அடைவு வைப்பதும் அடுத்த போக விதைநெல்லுக்கு வைத்த காசைத் தொடுவதும் அப்படியே.

வீட்டுத்திட்டங்களும் இதில் ஒரு பாடம் தருகின்றன. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. கொடுத்த அளவுக்குள் கட்டியவர்கள் குடிபுகுந்தார்கள். “கட்டிறதே கட்டிறம், இன்னொரு அறையும் சேர்த்துக் கட்டுவம்” என்று அத்திவாரத்தைப் பெருப்பித்தவர்கள் பலர் கூரை மட்டத்தில் கடன்பட்டார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் தொடங்கிய அரச வீட்டுத்திட்டங்கள் சிலவற்றில் தவணைப் பணம் இடையில் நின்றுபோக, அரைகுறைச் சுவரின் பக்கத்தில் தகரக் கொட்டிலில் குடும்பங்கள் இருக்கவேண்டியதாயிற்று. விலையும் நம் கையில் இல்லை. 2021இன் நடுப்பகுதியில் ஏறக்குறைய 1,000 ரூபாவாக நின்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022இல் இரண்டு மடங்கைத் தாண்டியது. வரும் என்று சொல்லப்பட்ட காசை நம்பி அத்திவாரம் வெட்டுவது ஆபத்து. வெளிநாட்டுப் பிள்ளை தருவதாகச் சொன்ன காசும் அதற்குள் அடங்கும். அவனுக்கும் அங்கே வாடகையும் கடனும் உண்டு.

கட்டுவதென்று தீர்மானித்தால்

காசு முழுதாக இல்லாதபோது கட்டங்கட்டமாகக் கட்டலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பயன்படக்கூடிய ஒன்று இருக்கவேண்டும். முதல் வருடம் அத்திவாரம், தூண், கூரை. அன்றே மழைக்கு ஒதுங்கவும் நெல் காயவிடவும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் வருடம் சுவர். மூன்றாம் வருடம் பூச்சும் நிலமும். சுவரை மட்டும் எழுப்பிவிட்டுக் கூரைக்குக் காசு தேடுவது கூடாது. கூரையில்லாத சுவர் இரண்டு மாரியில் பாசி பிடித்து, சாந்து கரைந்து, பட்ட செலவும் வீணாகும்.

கூரைச் சரிவை முதலில் அளந்து பாருங்கள். பத்தி இறக்கிய பலர் தலை முட்டுப்படுவது இங்கேதான். 10 அடி அகலத்துக்கு 2 அடியாவது சரிவு வேண்டும். பழைய சுவரில் கூரை தொடங்கும் உயரம் 9 அடியானால், மறுபக்கம் 7 அடி வரும். தொடக்கம் 8 அடியானால் மறுபக்கம் 6 அடிதான். வளர்ந்த ஆள் குனிந்து நிற்கவேண்டும். அப்படியானால் அகலத்தைக் குறையுங்கள். வாசலைத் தாழ்ந்த பக்கத்தில் வைக்காமல், பழைய வீட்டோடு ஒட்டிய உயர்ந்த பக்கத்தில் வைக்கவேண்டும்.

கல் எத்தனை வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 16 அங்குலம் நீளம் 8 அங்குலம் உயரமுள்ள சீமெந்துக் கல் 9 வைத்தால் 8 சதுர அடிச் சுவர் எழும்பும். நமது அறையில் பின்சுவர் ஏற்கெனவே உண்டு. பக்கச் சுவர் இரண்டும் 10 அடி நீளம், சராசரி 8 அடி உயரம், ஆக 160 சதுர அடி. முன்சுவர் 12 அடிக்கு 7 அடி, 84 சதுர அடி. கூட்டினால் 244. வாசலுக்கு 21, யன்னலுக்கு 16 கழித்தால் 207. இதை 9ஆல் பெருக்கி 8ஆல் பிரித்தால் 233 கல். உடைவதற்குச் சேர்த்து 245 கல் போதும். அத்திவாரத்துக்கு இது வேறு.

மேசனாரிடம் விலை கேட்கும்போது சொல்லைக் கவனியுங்கள்.

“அண்ணை, ரெண்டு லட்சத்துக்குள்ள முடிச்சுத் தாறன்.”

“முடிக்கிறது எண்டால் என்ன தம்பி? பூச்சும் நிலமும் சேர்த்தோ, கூரை மட்டும் வரையோ?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. கூலி எவ்வளவு, சாமான் யார் வாங்குவது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாரின் உழைப்பையும் கணக்கில் சேருங்கள். களை பிடுங்கும் காலத்தில் கல் சுமந்தால் அது இலவச வேலையன்று. அந்த நாள் கூலியும் பயிரும் போய்விடும்.

புதுச் சுவர் பழைய சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பது வழமை. பழைய அத்திவாரம் இறுகி முடிந்தது, புதியது இனித்தான் இறுகவேண்டும். அத்திவாரத்தைப் பழையதன் ஆழத்துக்குக் குறையாமல் வெட்டி, ஒரு மாரி கழிந்தபின் அந்த மூட்டைப் பூசுங்கள். முருங்கன் பக்கத்துக் கருங்களி மண் மாரியில் பொங்கும், கோடையில் வெடிக்கும். அத்தகைய மண்ணில் ஊரில் பழகிய மேசனாரையே பிடிக்கவேண்டும். மலசலகூடக் குழிக்கு மேலோ, மிக அருகிலோ அத்திவாரம் வேண்டாம். கிணற்றடிக்குப் போகும் வழியையும் அடைத்துவிடாதீர்கள். கூரைக்காகப் பனை தறிப்பதென்றால் முதலில் அனுமதி எடுக்கவேண்டும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கழற்றுகிறவர்கள் அதனை உடைக்காமல், நனைத்து, மூக்கையும் வாயையும் நுண்தூசி தடுக்கும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு கழற்றவேண்டும். பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

உங்கள் மாதர் சங்கத்திலோ சிக்கனக் குழுவிலோ அறை எடுக்க எண்ணியிருக்கும் ஒரு குடும்பம், விருப்பமிருந்தால், தன் கணக்கை எல்லார் முன்னும் எழுதிப் பார்க்கட்டும். அந்த அறையில் யார் படுப்பார், வருடத்தில் எத்தனை இரவு? காணிக் கடிதம் எங்கே? ஊர் விலையில் இரண்டு வகை அறைக்கும் வருடச் செலவு எவ்வளவு? அதே காசில் இந்த வருடம் கிணற்றைத் திருத்தினால் அடுத்த சிறுபோகத்தில் எத்தனை பரப்புக் கூடப் பயிரிடலாம்? சென்ற ஐந்து வருடத்தில் உங்கள் கிராமத்தில் பத்தி இறக்கியவர்கள் மூவரிடம் போய், இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.